வெற்றிக்கு மறுநாள்

சேலத்தில் மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் அது இரண்டு பெயர்களைத் தொடாமல் முடிவதில்லை. ஒருவர் ராஜாஜி; 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக எங்கள் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். இன்னொருவர் சசிபெருமாள், இதே மாவட்டத்து இடங்கணசாலையைச் சேர்ந்த காந்தியவாதி, 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறி, அந்தப் போராட்டத்திலேயே உயிர் நீத்தவர். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரான என் நண்பர் இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக வைத்துத் தீர்ப்புப் போல ஒன்றைச் சொன்னார். "ஒருவர் அதிகாரத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தார், அது நிற்கவில்லை. ஒருவர் உயிரைக் கொடுத்துக் கேட்டார், அது வரவில்லை. அரசுக்கு வருமானம் வேண்டும், குடிக்கிறவனுக்குப் போதை வேண்டும், இதற்கு நடுவில் இயக்கம், போராட்டம் என்று நிற்கிறவர்களுக்கு என்னங்க வேலை?" அன்று என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் அது என்னை விட்டு நீங்கவும் இல்லை.

அஸ்தம்பட்டிக்கும் கோரிமேட்டுக்கும் இடையில், ஏற்காடு போகும் சாலையில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை அப்பா தொடங்கியது. மருந்துக்கடைக்காரனுக்குப் போதைப்பொருள் சட்டம் செய்தித்தாளில் படிக்கும் விஷயமாக மட்டும் இருப்பதில்லை; அலமாரியில் எதைத் திறந்து வைக்கலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும், எந்தச் சீட்டுக்கு எத்தனை மாத்திரை கொடுக்கலாம், மருந்து ஆய்வாளர் வரும்போது எந்தப் பதிவேட்டை முதலில் கேட்பார் என்று அது அன்றாடத்தில் நுழைந்திருக்கும். ஆகவே நண்பரின் கேள்வியை நான் மதுக்கடைப் பக்கமிருந்து மட்டும் பார்க்க முடியவில்லை. போதைப்பொருள் சட்டத்தை மாற்றக் கேட்டு, கேட்டதைப் பெற்று, பெற்றதைக் காப்பாற்றியும் வருகிற ஓர் இயக்கம் நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அதற்குப் போவதற்கு முன் ராஜாஜியின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

வரி நின்றது, விலக்கு நிற்கவில்லை

1937இல் ராஜாஜி திடீரென்று ஓர் ஆணையில் கையெழுத்திட்டு மதுவிலக்கைக் கொண்டுவந்தார் என்று எண்ணுவது எளிது. ஆனால் அவர் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1917இல் நகராட்சித் தலைவரானவர். 1925இல், அன்று சேலம் மாவட்டத்திலிருந்த திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தியவர். எந்த ஊரில் கள்ளுக்கடை ஏலம் எவ்வளவுக்குப் போகிறது, எந்தக் குடும்பங்கள் மரம் ஏறிப் பிழைக்கின்றன, கூலி நாளன்று சாயங்காலம் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் ஆட்சிக்கு வருமுன்பே அவர் அருகிலிருந்து அறிந்திருந்தார். மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் அறிவிக்காமல் தனக்குத் தெரிந்த ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு தொடங்கியதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று விரித்ததும் அந்த அறிவிலிருந்து வந்தவையே. கலால் வருமானம் போனால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது: 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகப் போர்க் காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரியை நிறுத்தவில்லை. பிறகு 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி போனது. வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு ஒருநாளும் குறையாமல் வளர்ந்தது. கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரியைச் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் இன்றும் கட்டுகிறார்கள், மதுக்கடையும் திறந்திருக்கிறது. ஒரு சீர்திருத்தத்தில் கருவூலத்துக்குப் பிடித்த பகுதி தானாகவே பிழைத்துக்கொள்ளும், மற்ற பகுதிக்கு ஒவ்வொரு நாளும் ஆள் காவல் வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆந்திரத்தில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு இயக்க வகுப்புக்கு வந்த பெண்கள் 1992இல் சாராயக் கடையை மூடவைத்தது மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயத் தடையாகவும், 1995 ஜனவரியில் முழு மதுவிலக்காகவும் ஆனது. நாட்டில் இந்தத் துறையில் அவ்வளவு வேகமாக வென்ற மக்கள் இயக்கம் இன்னொன்று என் நினைவில் இல்லை. ஆயினும் 1997இல், வருமான இழப்பைக் காரணம் காட்டி, மதுவிலக்கைப் பெருமளவு தளர்த்திவிட்டார்கள். அந்தப் பெண்களிடம் துணிவுக்குக் குறைவே இல்லை. கடை மூடிய பிறகு அரசு அலுவலகத்தில் நாள்தோறும் நடக்கும் வேலைக்குள் அவர்களுக்கு ஓர் இடம் உருவாகாமல் போயிற்று.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தபோது நாம் கண்டதும் வேறில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கு அதன் வேர்களில் ஒன்று. மறு ஏப்ரலில் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அடுத்த வாரமே அந்தக் கடைகள் குடியிருப்புகளுக்குள்ளும் பள்ளிக்கூடப் பாதைகளிலும் இடம் தேடத் தொடங்கின. பெண்கள் ஊர் ஊராகச் சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. வழக்கில் வென்றவர்களிடம் மூடப்படும் கடை எங்கே போகும் என்பதற்கான திட்டம் இல்லை. கடை நடத்துகிறவர்களிடம் இருந்தது.

பூட்டிய பெட்டி

இனி நான் சொல்ல வந்த விஷயம். அப்பா காலத்தில் எங்கள் கடையில் ஒரு சிறிய பூட்டிய பெட்டி இருந்தது. அதில் மார்ஃபின் இருக்கும். அபினிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்துதான் புற்றுநோயின் கடும் வலிக்கு உலகெங்கும் முதலில் நினைக்கப்படுவது, விலையும் மிகக் குறைவு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தின்கீழ் அபின் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மருத்துவத்துக்கான மார்ஃபினைத் தடை செய்யவில்லை. ஆனால் அதற்கான விதிகளை ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் விட்டது. பல மாநிலங்கள் வைத்திருப்பதற்கு ஓர் உரிமம், கொண்டுவருவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என்று பிரித்துக் கலால் துறைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் அலையவிட்டன. ஓர் உரிமம் வந்து சேரும்போது இன்னொன்றின் காலம் முடிந்திருக்கும். கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அப்பா பெட்டியைக் காலி செய்து அதில் கடைச் சாவிகளைப் போட்டு வைத்தார். நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைக்காரர்களும் மருத்துவமனைகளும் செய்தது இதுவே. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்து, 1997இல் நாடு முழுவதற்கும் வெறும் 18 கிலோவில் வந்து நின்றது.

என் தாய்மாமன் தொண்டைப் புற்றுநோயில் இறந்தது 2000களின் நடுவில். சேலத்தில் அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனையில், அந்த மருந்து தங்களிடம் இல்லை, வாங்கும் உரிமமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக் கொள்முதலில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த மாத்திரைகள் அவர் வலிக்குப் போதவில்லை. கடைசி வாரங்களில் அவர் இரவு முழுவதும் எழுப்பிய ஓசையைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை. அவரை நான் இங்கே நினைவுகூர்வது ஒரு காரணத்துக்காக. அந்த வலியை நாங்கள் விதி என்று எடுத்துக்கொண்டோம். அது ஒரு விதிமுறையால் வந்தது என்பதும், விதிமுறையை மாற்றலாம் என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய சிலர் கோழிக்கோட்டில் இருந்தார்கள்.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்த எம். ஆர். ராஜகோபாலும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததைப் படிக்கப் படிக்க, இது நாம் போராட்டம் என்று பழகியிருக்கும் எதைப் போலவும் இல்லையே என்ற வியப்பு எனக்கு மிகுந்தது. போதைப்பொருள் சட்டத்தை நீக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. பல உரிமங்களுக்குப் பதில் ஒன்று போதும், அதை ஒரே துறை கொடுக்கட்டும் என்று கேட்டார்கள். அதிகாரி ஒருவர் மறுநாள் காலையில் கையெழுத்திட்டு முடித்துவிடக்கூடிய அளவுக்கு அந்தக் கோரிக்கை சிறியது. மார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது தெருவுக்குப் போய்விடும் என்ற அச்சமே எதிர்ப்பின் முதுகெலும்பு என்று அறிந்து, வீட்டிலிருந்தபடி மார்ஃபின் எடுத்துக்கொண்ட ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் இரண்டாண்டுக் கணக்கை வைத்து, மருந்து வழிதவறிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை என்று 2001இல் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். மாநிலம் மாநிலமாகக் கூட்டம் போட்டு, கலால் அதிகாரியையும் புற்றுநோய் மருத்துவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். இந்த இருவரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை என்பதே பல இடங்களில் உண்மை.

1998இல் ஒன்றிய அரசு எளிய மாதிரி விதிகளை அனுப்பியது. நம் ஊர் வழக்கப்படி பெரும்பாலான மாநிலங்கள் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டன. ராஜகோபால் தரப்பினர் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். இதற்கிடையில் கேரளத்தில், சட்டம் மாறும்வரை காத்திராமல், அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடு தேடிப் போகும் வலைப்பின்னலை மலப்புறத்திலிருந்து வளர்த்தார்கள்; 2008இல் அந்த மாநில அரசு வலி தணிப்புக்கென்று தனிக் கொள்கையே அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2014 பிப்ரவரியில், பதினைந்தாவது மக்களவையின் இறுதி நாட்களில், தெலங்கானா பிரிப்பு பற்றிய கூச்சலுக்கு நடுவே, சட்டத் திருத்தம் மக்களவையில் 20ஆம் தேதியும் மாநிலங்களவையில் 21ஆம் தேதியும் நிறைவேறியது. ஒருநாள் தவறியிருந்தால் அந்த மசோதா அவையோடு காலாவதியாகியிருக்கும். 2015இல் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என்று அறிவிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கும் நிறுவனத்துக்கு ஒரே அங்கீகாரம் போதும் என்றானது.

நாகலூர் போன மாத்திரைகள்

இவையெல்லாம் எனக்கு வெறும் செய்தியாகவே இருந்திருக்கும். பெரியம்மாவுக்கு நோய் வந்தது திருத்தத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து. பெரியப்பா காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்ததால் அவர்கள் குடும்பம் ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூரிலேயே தங்கிவிட்டது. வாய்ப்புற்று எலும்புக்குப் பரவியபின், சேலத்தில் வலி தணிப்புச் சிகிச்சை தரும் ஓரிடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவர் இளையவர். நோயாளியின் பெயர், ஊர், நோய், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை கொடுத்தது, இருப்பு எவ்வளவு, பெற்றவர் கையொப்பம் என்று கோடு போட்ட ஒரு நீளப் பதிவேட்டைத் திறந்து நிதானமாக எழுதினார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், இரவு படுக்கும்போது இரட்டை அளவு, மலச்சிக்கலுக்குக் கட்டாயம் வேறு மாத்திரை, முதல் சில நாட்கள் குமட்டல் இருக்கலாம், மீதமானால் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். ஒரு கடிதமும் கொடுத்தார்.

பதிவேடுகளோடு வாழ்கிறவன் என்பதால் அந்தப் பக்கத்தை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கக்கூடும். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய அச்சமும் அதற்கு வேறு யாரோ தேடிக் கொடுத்த பதிலும் இருந்தன. இருப்பு என்ற கட்டம் கலால் அதிகாரியின் கவலை. பெற்றவர் கையொப்பம் என்ற கட்டம், மாத்திரை வீட்டுக்குப் போகலாம் என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்த ஒப்புதலுக்காகக் கோழிக்கோட்டுக்காரர்கள் நோயாளி நோயாளியாகக் கணக்கு வைத்தார்கள். மருத்துவர் கையொப்பம் என்ற கட்டத்துக்காக, மார்ஃபினைக் கையாளவே கற்றிராத மருத்துவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. மாமனுக்காக நான் அலைந்தபோது மருந்து உலகில் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு பக்கம்தான் சேலத்தில் எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இருபது ஆண்டு இயக்கம் ஒன்றின் விளைவு இந்த நீளப் பதிவேடு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புலப்பட்டது. மேடையில் நின்று காட்டக்கூடிய வெற்றியாக அது இல்லை. யாரும் அதற்காக ஊர்வலம் போகமாட்டார்கள். ஆனால் அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினாலும் அந்தப் பதிவேடு மறுநாள் காலை திறக்கப்படும்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அன்று பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலர் மாத்திரை அட்டைகளை எடுத்து, "என்னங்க இது, இவ்வளவு?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார், உள்ளே போய் மூத்தவர் ஒருவரிடம் காட்டினார், திரும்பி வந்து, "யாருக்குங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பையின் வாயைத் தாமே மடித்துக் கொடுத்துப் போகச் சொன்னார். பெரியம்மா மூன்றாம் நாள் விடியும்வரை தூங்கினார். இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. எழுந்தவர் வாசல் ஈரத்தைப் பார்த்து, "மழையா கண்ணு பேஞ்சுது? எனக்குத் தெரியவே இல்லையே," என்றார். சில மாதங்களே இருந்தார், ஆனால் வலியில் இருக்கவில்லை. இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வந்து ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியர் மலைக் கிராமங்களுக்கும் போகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

விட்டுப்போனவர்கள்

இத்தோடு நிறுத்தினால் நண்பருக்கு நல்ல பதிலாக இருக்கும். ஆனால் 2014 திருத்தத்தை முழுவதும் வாசித்தால் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. மார்ஃபினுக்குக் கதவைத் திறந்த அதே திருத்தம், சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருந்தவருக்கான உச்சத் தண்டனையை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்த்தியது. புற்றுநோயாளிக்காகப் பேச மருத்துவர்களும் மகன்களும் மகள்களும் இருந்தார்கள். அவர்கள் வலி எவர் மனத்தையும் கரைக்கும். போதைக்கு அடிமையானவருக்காகப் பேச அந்த அவையில் யாரும் இல்லை. சிறியதாகவும் தெளிவாகவும் கேட்பதால் வரும் வெற்றிக்கு இது ஒரு விலை: கேட்கப்படாதவர் பக்கம் சட்டம் இறுகினாலும் இயக்கத்தால் அதைத் தடுக்க முடிவதில்லை. ராஜகோபாலும் மற்றவர்களும் இதற்குப் பொறுப்பு என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது என்றே என் மதிப்பீடு. ஆயினும் நெருடல் போகவில்லை.

அடிமையானவர்கள் தாங்களே பேசிய இடம் ஒன்று உண்டு. கனடாவின் வான்கூவரில், ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 1990களின் இறுதியில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்குச் சற்று முன், அளவு மீறிய போதையால் இறந்தவர்களுக்காக ஒரு பூங்காவில் ஆயிரம் சிலுவைகள் நடப்பட்டிருந்தன. சங்கத்தார் நகர மன்றத்தில் போய் நின்றார்கள், தெருக்களில் இரவு ரோந்து சுற்றினார்கள், பிள்ளைகளை இழந்த நடுத்தர வர்க்கப் பெற்றோரும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம் 2003இல் திறக்கப்பட்டது. ஒன்றிய அரசு அதை மூட முனைந்தபோது, 2011இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதிகூட மாறுபடாமல் அதைக் காத்தது. அந்நேரத்தில் நீதிமன்றத்தின் முன்னால் இருந்தது எட்டாண்டு நடந்துவந்த ஓரிடம். கோரிக்கை மனு ஒன்றாக மட்டும் அது இருந்திருந்தால் முடிவு வேறாயிருக்கலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு மூலம், சொந்தப் பயனுக்கான சிறு அளவு போதைப்பொருளைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. தண்டனை 2021 பிப்ரவரியில் போயிற்று. சிகிச்சைக்கான பணம் போய்ச் சேரத் தாமதமாயிற்று. தெருவில் கண்டதைப் பார்த்து மக்கள் மனம் மாறி 2024இல் சட்டம் பழையபடி இறுகியது. போர்ச்சுகல் 2001இல் இதையொத்த மாற்றத்தைச் செய்தபோது, பிடிபடுகிறவரை நீதிமன்றத்துக்குப் பதில் அனுப்ப மூவர் குழுக்களை மாவட்டந்தோறும் அமைத்து, சிகிச்சையையும் கூடவே விரிவாக்கியது. அங்கே சட்டம் இன்றும் நிற்கிறது. வேறு காரணங்களும் இருக்கும். ஓரிகனில் அந்த ஆண்டுகளில் ஃபென்டனில் தெருவுக்கு வந்ததை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆனால் மாத்திரை தீர்ந்த நோயாளிக்கு அடுத்த அட்டை எப்போது வரும் என்று யோசித்தே பழகியவன் கண்ணுக்கு வரிசை தவறியது முதலில் படுகிறது.

இதை இவ்வளவு யோசிக்க இப்போது ஒரு தேவையும் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்ததிலிருந்து வேறு வலி மாத்திரைகளைத் தேடி இளைஞர்கள் கடை கடையாக வருகிறார்கள். சீட்டு இல்லாமல் கேட்கிறார்கள், இல்லை என்றால் போய்விடுகிறார்கள், எங்கோ வாங்கிவிடுகிறார்கள். அந்த மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதாகக் கைதுச் செய்திகள் சேலத்திலிருந்தும் வருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பையனின் அம்மா, தோட்ட வேலைக்குப் போகிறவர், கடைக்கு வந்து என்ன செய்யலாம் என்று கேட்டார். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில், சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு என்று சொல்லி, பையனிடம் இருப்பது அந்தச் சட்டத்துக்குள் வரும் பொருளா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த எடம் எங்கீங்க அண்ணா இருக்குது? தெனமும் சேலம் போய்வரக் கூலி விட முடியுங்களா?" என்றார்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்: இரண்டு மருந்தாளுநர்கள், ஒரு செவிலியர், அந்த அம்மா, மீண்டு வந்து இப்போது ஆட்டோ ஓட்டும் ஓர் இளைஞர், நான். முதல் வரைவில் போதையை ஒழிக்க வேண்டும் என்று தொடங்கியிருந்தது. அதை அடித்துவிட்டு, மலையில் ஏதேனும் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் போதை மீட்புச் சிகிச்சை அறிந்த மருத்துவர், அங்கேயே மருந்து, வருகிறவர் பெயர் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி என்று மூன்றை மட்டும் வைத்தோம். மருந்தின் இருப்புக் கணக்கை யார் வைப்பது என்று அதிகாரி கேட்பார் என்பதால், மாதம் ஒருமுறை வந்து பதிவேட்டைச் சரிபார்த்துத் தர இரண்டு மருந்தாளுநர்களின் ஒப்புதலையும் இணைத்திருக்கிறோம். ஆட்டோ ஓட்டும் தம்பி நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: சிகிச்சை நாள் சனிக்கிழமையாக இருக்கக் கூடாது, அன்று கூலி கையில் இருக்கும், அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள். அது எங்களில் வேறு யாருக்கும் தோன்றியிராது.

கோரிமேட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இப்படி ஒரு மனு போனால் முதலில் நம் கடைகளுக்குத்தான் சோதனை வரும் என்கிறார். அவர் அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். சீட்டில்லாமல் விற்கிற கடைகளை நாமே கண்டுபிடித்து நிறுத்துவதற்கு ஒரு வரி அதில் சேர்த்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் இழுபறி.